கொடை நிலையத்தை மூடுதல் தகுமோ?



2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதலாந் திகதியன்று, வாஷிங்டன் மாநகரில் அமெரிக்க அரசாங்கத்தின் பெருங் கந்தோர் ஒன்று தன் பணியை முடித்துக்கொண்டது. யூ.எஸ். எயிட் என்னும் சுருக்கப் பெயரால் உலகம் அறிந்த அயல்நாட்டு உதவி நிலையமே அது. 1961ஆம் ஆண்டில் ஜனாதிபதி கெனடியின் ஆட்சியிலே நிறுவப்பெற்று, அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வந்தது. எஞ்சிய சில வேலைகள் அந்நாட்டு வெளிநாட்டமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டன.

"வாஷிங்டனில் ஒரு கந்தோரைப் பூட்டினால் கல்முனையிலுள்ள நமக்கென்ன?" என்று நம்மூர்க் கடைத்தெருவில் ஒருவர் கேட்பாராயின் அவரைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் மருதமுனை தொடங்கிப் பொத்துவில் ஈறாக உள்ள இந்த அம்பாறைக் கரையோரத்திலே, அயலார் பொருளைக் கொண்டு எழுந்த வேலைகள் பல. அவற்றுள் நின்று நிலைத்தனவும் உண்டு. எழுந்தவாறே பாழ்பட்டனவும் உண்டு. நன்மையை நாடி வந்து தீமையில் முடிந்தனவும் உண்டு. ஆதலின் இவ்வழக்கிலே சாட்சி சொல்லுதற்கு இக்கரை பெரிதுந் தகுதி வாய்ந்தது. ஓர் அரசாங்கம் தன் அயல்நாட்டு உதவி நிலையத்தை மூடுதல் தகுமோ என்னும் வினாவை, இக்கரையின் சாட்சியத்தைக் கொண்டே இன்று ஆராய விழைகின்றேன்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். செல்வ நாடொன்று வறிய நாடுகளுக்குப் பொருளும் அறிவும் வழங்குதலைத் தன் அரசாங்கக் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ளும் வழக்கம், இரண்டாம் உலகப் போரின் பின்னரே வேரூன்றியது. 1949ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் தமது பதவியேற்புரையின் நான்காவது அம்சமாக இதனை அறிவித்தார். மறு ஆண்டு ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் நம் தலைநகராகிய கொழும்பிலே கூடினர். அக்கூட்டத்திற் கருக்கொண்ட கொழும்புத் திட்டம் 1951ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் செயலகம் இன்றும் கொழும்பிலேயே இருக்கின்றது.

உதவி வழங்கப்பெற்ற வரலாற்றோடு உதவி மறுக்கப்பட்ட வரலாறும் நம் நாட்டுக்கு உண்டு. 1952ஆம் ஆண்டில் உலகெங்கும் அரிசித் தட்டுப்பாடு நிலவிற்று. இறப்பரின் விலையோ சரிந்துகொண்டிருந்தது. அவ்வேளையில் இலங்கை அரசாங்கம் சீன நாட்டுடன் ஐந்தாண்டு உடன்படிக்கை ஒன்றைச் செய்தது. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 270,000 தொன் அரிசியைப் பெறுவது என்பதே அதன் சாரம். பொதுவுடைமை நாடுகளுக்கு இறப்பர் போன்ற போர்த்தேவைப் பொருள்களை விற்கும் நாட்டுக்கு உதவி கிடையாது என்பது அமெரிக்கச் சட்டம். ஆகவே 1956ஆம் ஆண்டுவரை அமெரிக்கப் பொருளாதார உதவி இலங்கைக்குக் கிடைக்கவில்லை. பின்னர், எண்ணெய்க் கம்பனிகளின் உடைமைகளை இலங்கை அரசாங்கம் பொறுப்பேற்றதைத் தொடர்ந்து, அவற்றுக்கு நட்டஈடு வழங்கப்படவில்லை என்ற காரணங் காட்டி 1963ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. ஆட்சி மாறி, நட்டஈட்டுக்கு உடன்பாடு கண்ட பின்னர், 1965ஆம் ஆண்டிலேதான் அது மீண்டுந் தொடங்கிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்தும் உண்மை ஒன்றே. கொடுக்கும் நாடு தன் வாணிகத்தையும் அரசியலையும் உதவியோடு கலக்குமாயின், பெறுபவனுடைய பசி அங்கே அளவுகோலாவதில்லை. இதனை நெஞ்சிற் பதித்துக்கொண்டு மேலே செல்வோம்.

உதவி நிலையங்களை மூடவேண்டும் என்போர் வெறுப்பினால் மட்டும் அவ்வாறு கூறுகின்றனர் என்று எண்ணுதல் தவறு. அவர்களுடைய நியாயங்கள் மூன்று. தம் நாட்டு ஏழை மக்களின் வரிப்பணம் முதலில் அவர்களுக்கே பயன்படவேண்டும் என்பது ஒன்று. உதவிப்பணம் ஏழையைச் சென்றடையாமல் இடையிலுள்ள உத்தியோகத்தரின் சம்பளமாகவும் ஆட்சியாளரின் சுகபோகமாகவும் கரைந்துவிடுகின்றது என்பது மற்றொன்று. நெடுங்கால உதவி, பெறும் நாட்டைத் தன்காலில் நிற்கவொட்டாமற் செய்துவிடுகின்றது என்பது மூன்றாவது. இக்கடைசி நியாயத்தைப் பொருளியலறிஞர் பீற்றர் பவர் நெடுங்காலம் வலியுறுத்தி வந்தார். ஆபிரிக்காவிலே பிறந்த டம்பிசா மோயோ என்னும் அம்மையாரும் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் அதனையே வாதித்தார். பெறும் பக்கத்தில் நிற்கும் ஒருவர் கூறும்போது இவ்வாதத்தின் வலு இன்னும் மிகுகின்றது.

இனி நம் கரையின் சாட்சிகளை அழைப்போம்.

முதற் சாட்சி கல்லோயா. பழந்தமிழ் வழக்கிலே பட்டிப்பளை ஆறு எனப்படுவதும் அதுவே. இங்கினியாகலையில் அவ்வாற்றை மறித்துக் கட்டப்பட்ட சேனாநாயக்க சமுத்திரம் ஏறத்தாழ 770,000 ஏக்கரடி நீரைக் கொள்ளவல்லது. 1949ஆம் ஆண்டிலே தொடங்கிய அவ்வணைக்கட்டு வேலையைச் செய்தது ஓர் அமெரிக்கக் கம்பனி. ஆனால் அதற்கான பணம் இலங்கை மக்களுடையது. அந்நியரின் திறனைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டோமேயன்றி அவர்களிடம் கையேந்தவில்லை. அத்திட்டத்தோடு வந்த குடியேற்றங்களினால் இப்பகுதித் தமிழ் பேசும் மக்கள் அடைந்த மனக்குறைகள் தனியே ஓர் உரைக்குரியன. இங்கு நம் கவனத்திற்குரியது அவ்வணையின் நீர் சென்ற வழி.

முப்பது ஆண்டுகள் செல்லுமுன்னரே அவ்வழி பழுதுபட்டது. இடதுகரை வாய்க்கால்களிலே வண்டல் தூர்ந்தது; மதகுகள் உடைந்தன; கதவுகள் களவு போயின. தலைவாய்க்காலில் இருந்தவன் வேண்டிய மட்டும் நீரைப் பாய்ச்சினான். நாவிதன்வெளி முதலிய கடைப்பகுதிகளிலே வயல் செய்தவனோ சிறுபோகத்தில் வானத்தைப் பார்த்திருந்தான். அக்கடைப்பகுதிகளிலே தமிழ் பேசும் கமக்காரர் பலர். தலைப்பகுதிகளிலே சிங்களக் கமக்காரர் பலர். ஆகவே நீர்ப்பங்கீடு வெறும் நீர்ப்பங்கீடாக மட்டும் இருக்கவில்லை.

1979ஆம் ஆண்டில் இவ்விடதுகரையைச் சீர்திருத்த அமெரிக்க உதவி நிலையம் பணம் வழங்கியது. வாய்க்கால் வெட்டுதலும் மதகு கட்டுதலுமே அதன் பெரும்பகுதி. அதன் ஒரு சிறு பகுதியாகக் கமக்காரரை ஒன்றுசேர்க்கும் வேலையுஞ் சேர்க்கப்பட்டிருந்தது. கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்ணல் பல்கலைக்கழகமும் அவ்வேலையைப் பொறுப்பேற்றன. 1981ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற இளைஞரும் யுவதிகளும் கமக்காரரிடையே சென்று வாழ்ந்தனர். அவர்கள் கட்டளை கொண்டு சென்றாரல்லர், வாய்க்கால்வழி நடந்து, "இங்கே என்ன குறை?" என்று கேட்டனர். அவ்வாண்டு சமுத்திரத்தில் நீர் மிகக் குறைவு. இருந்தும், அன்றேல் அதனாலேயே, கமக்காரர் சிரமதானமாக வாய்க்காலைத் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சப்பட்ட நீரைக் கீழ்ப்பகுதிக்கு விட்டனர். சிறு பகுதியாக எண்ணப்பட்ட வேலையே திட்டத்தின் உயிராயிற்று. பொறியியலாளரும் தம் வரைபடத்தை வைத்துக்கொண்டு கமக்காரரிடம் யோசனை கேட்கத் தொடங்கினர்.

இத்திட்டம் 1985ஆம் ஆண்டில் முடிவுற்றது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து 1997ஆம் ஆண்டின் சிறுபோகம் வந்தது. சமுத்திரத்திலுள்ள நீர் ஒரு சிறு பங்கு நிலத்துக்கே போதும் என்று உத்தியோகத்தர் கூறினர். கமக்காரர் அமைப்புக்களோ, உள்ள நீரை எல்லோரும் சமமாகப் பகிர்ந்து முழு நிலத்திலும் விதைப்பது என்று துணிந்தன. மேற்பகுதிச் சிங்களக் கமக்காரரும் கீழ்ப்பகுதித் தமிழ்க் கமக்காரரும் அப்பங்கீட்டில் ஒன்றுபட்டனர். அப்போகத்தின் விளைச்சல் வழமையிலும் மேலாயிற்று. அவை நாட்டிலே போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் என்பதையும் நேயர்கள் நினைவிற்கொள்ளல் வேண்டும். அமெரிக்கப் பணம் நின்று பன்னிரண்டு ஆண்டுகளாகியும், அப்பணத்தாற் பிறந்த பழக்கம் நிற்கவில்லை.

இரண்டாஞ் சாட்சி நுரைச்சோலை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களிலே இழவு விழாத தெருவைக் காண்டல் அரிதாயிற்று. கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கி வாழும் நம் மக்களுக்கு, கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற கட்டளை இரண்டாவது இடியாக வந்தது. அவ்வேளை சவூதி அரேபிய நாட்டின் கொடையினால் அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் 500 வீடுகள் எழுந்தன. பள்ளிவாசல், பாடசாலை, வைத்தியசாலை, சந்தை யாவும் உடன் எழுந்தன. கொடையிலே குறைவில்லை, கட்டடத்திலும் குறைவில்லை. ஆனால் அவ்வீடுகள் எவருக்குரியன என்னும் வினா கட்டுமுன்னர்த் தீர்க்கப்படவில்லை. வழக்கு உயர்நீதிமன்றஞ் சென்றது. முஸ்லிம்களுக்கு மட்டுமன்றி இன விகிதப்படியே பகிரப்படவேண்டும் என 2009ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. அதன் பின்னர் ஆண்டுகள் பல கழிந்தும் வீடுகள் பகிரப்படாமற் காடு மண்டின. வீடிழந்தவன் வாடகைக் குடிசையிலிருக்க, அவனுக்கென எழுந்த வீட்டிலே செடிகொடிகள் குடியிருந்தன.

மூன்றாஞ் சாட்சி ஒலுவில் துறைமுகம். சம்மாந்துறையிற் பிறந்து, 1994ஆம் ஆண்டில் துறைமுக அமைச்சரான அஷ்ரப் அவர்கள் தென்கிழக்குக் கரைக்கு ஒரு துறைமுகம் வேண்டுமெனக் கண்ட கனவு அது. டென்மார்க் நாட்டின் வட்டியில்லாக் கடனைப் பெற்று, அந்நாட்டுக் கம்பனியே கட்ட, 2013ஆம் ஆண்டு செப்டெம்பரில் அது திறந்துவைக்கப்பட்டது. நம் கீழைக்கரையிலே கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுசெல்லும் இயல்புடையது. துறைமுகத்தின் கல்லணை அம்மணலை மறித்தது. தெற்கே மணல் குவிந்து துறைமுக வாயை அடைத்தது. வடக்கே மணல் பெறாத கரையைக் கடல் தின்றது. ஒலுவிலிலும் நிந்தவூர்ப் பக்கத்திலும் தென்னந்தோப்புக்களும் காணிகளும் கடலாயின. கப்பல் வருமென்று காத்திருந்த கரையில், தோணியை இழுத்து வைக்கவும் இடமில்லாது போயிற்று.

இம்மூன்று சாட்சிகளையும் ஒப்புநோக்குங்கள். அமெரிக்கர் நல்லவர், அராபியரும் தேனியரும் அல்லர் என்று எவரேனும் முடிவு கட்டுவாராயின் அது பேதைமை. ஆழிப்பேரலையின் பின்னர் அறுகம்பையில் அமெரிக்கப் பணத்தாற் கட்டப்பட்ட பாலம் பயன்தந்து நிற்கின்றது; அதே அமெரிக்காவே 1963ஆம் ஆண்டில் எண்ணெய்க் கம்பனிகளுக்காகக் கையை மடக்கியது. வேறுபாடு கொடுத்தவரின் நாட்டில் இல்லை. இடதுகரையிலே, பணத்தின் பின்னால் வந்து, கேட்டு, தவறு கண்டவிடத்து வழியை மாற்றி, ஆண்டுக் கணக்காக உடனிருந்து கற்ற ஓர் அமைப்பு இருந்தது. நுரைச்சோலையிலும் ஒலுவிலிலும் பணமும் சீமெந்தும் இருந்தன. உடனிருந்து கேட்கும் செவி இருக்கவில்லை. காணி யாருக்கு, மணல் எங்கே செல்லும் என்னும் வினாக்கள் எழுந்த போதோ, கட்டடம் முன்னரே முடிந்திருந்தது.

ஆகவே உதவி நிலையம் என்பது பணப்பெட்டி மாத்திரமன்று. அது ஒரு ஞாபகசாலை. எவ்விடத்தில் எது பலித்தது, எது பொய்த்தது என்பதனை எழுதிவைத்து, அடுத்த இடத்துக்குக் கொண்டுசெல்வதே அதன் முதன்மையான தொழில். அதனை ஒரே நாளில் மூடும்போது பணம் மட்டும் நின்றுவிடுவதில்லை. 1984ஆம் ஆண்டின் எத்தியோப்பியப் பஞ்சத்தின் பின்னர், பஞ்சம் வருமுன்னரே எச்சரிப்பதற்காக அமெரிக்க நிலையம் ஓர் அமைப்பை உண்டாக்கியிருந்தது. 2025 ஜனவரியில் உதவி நிறுத்தப்பட்டதும் அவ்வமைப்பு மாதக்கணக்காக வாய்மூடிக் கிடந்தது. தாய் சேய் நலம் பற்றிப் பல வறிய நாடுகளிலே நாற்பது ஆண்டுகளாக எடுக்கப்பட்டுவந்த குடித்தொகைச் சுகாதார அளவீடுகளும் தடைப்பட்டன. 1987ஆம் ஆண்டில் நம் நாட்டிலே அவ்வளவீடு எடுக்கப்பட்டதும் அந்நிலையத்தின் துணையோடுதான். 2025ஆம் ஆண்டு மார்ச்சில், நிலையத்தின் திட்டங்களுள் நூற்றுக்கு 83 பங்கு நீக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆறு வாரத்திலே ஆயிரக்கணக்கான திட்டங்களின் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்த்தல் எவருக்கும் இயலாத காரியம்.

"நிலையத்தை மூடினாலென்ன? வெளிநாட்டமைச்சே அவ்வேலையைச் செய்யலாமே" என்பார் உளர். பிரித்தானியாவின் அனுபவம் இதற்கு விடை கூறும். அந்நாடு 1964ஆம் ஆண்டில் உதவிக்கெனத் தனி அமைச்சு அமைத்தது. 1970இல் அது வெளிநாட்டமைச்சோடு இணைக்கப்பட்டது. 1974இல் மீண்டும் பிரிக்கப்பட்டது. 1979இல் மறுபடியும் இணைக்கப்பட்டது. அவ்வாறு இணைந்திருந்த காலத்திலேதான் மலேசியாவின் பெர்காவ் அணைக்கு 234 மில்லியன் பவுண் உதவி வழங்கப்பட்டது. ஆயுத விற்பனையோடு அவ்வுதவி தொடர்புபட்டிருந்தமை வெளியாயிற்று. பயனற்ற திட்டமென்று உதவி உத்தியோகத்தர் எச்சரித்தும் கேளாது கொடுத்த அப்பணம் சட்டத்துக்கு மாறானதென 1994ஆம் ஆண்டில் இலண்டன் நீதிமன்றந் தீர்த்தது. 1997இல் மீண்டுந் தனித் திணைக்களம் உண்டாயிற்று. 2020இல் அதுவும் மறைந்தது. கனடாவும் அவுஸ்திரேலியாவும் 2013ஆம் ஆண்டிலேயே தம் தனி நிலையங்களை வெளிநாட்டமைச்சோடு சேர்த்துவிட்டன. ஏழையின் தேவையைப் பேசுவதற்கென ஒரு குரல் அரசாங்கத்துள் தனியே இல்லாதபோது, ஆயுதம் விற்பவனின் குரலும் தூதுவரின் குரலுமே ஓங்கும் என்பதற்குப் பெர்காவ் அணை சான்று.

உத்தியோகத்தரின் சம்பளம் பற்றிய நியாயத்துக்கு நம் மார்க்க மரபிலேயே விடையுண்டு. ஸக்காத்துப் பெறுதற்குரியோர் எண் வகையினர் என்பது முஸ்லிம்கள் யாவரும் அறிந்ததே. ஏழைகளையும் தேவையுடையோரையும் அடுத்து, அதனைச் சேகரித்துப் பங்கிடும் வேலையில் அமர்ந்தோரும் அவ்வெட்டுள் எண்ணப்படுகின்றனர். பங்கிடுதல் ஒரு தொழில், அதற்குக் கூலியுண்டு, கூலி பெறுபவனுக்குக் கணக்கும் உண்டு. நம் ஊர்ப் பள்ளிவாசல்களிலே ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர் இருந்து, எந்த வீட்டிலே விதவை இருக்கிறாள், எந்த வீட்டிலே உலை ஏறவில்லை என்று அறிந்து உதவியைக் கொண்டுசேர்த்த வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. மரைக்காயர் ஒருவர் தவறிழைத்தால் அவரை மாற்றுவார்கள். அதற்காக மரைக்காயர் சபையே வேண்டாமென்று எந்த ஊரும் தீர்மானித்ததில்லை. ஏனெனில் சபை இல்லையேல் வீடறிந்து கொடுப்பார் இல்லை.

ஆனால் உதவியினால் அடிமைத்தனம் வளரும் என்னும் மூன்றாவது நியாயத்தை அத்துணை எளிதில் தள்ளிவிட முடியாது. அதில் உண்மையுண்டு. அதனை நீக்கும் வழியையும் இடதுகரையே காட்டுகின்றது. அங்கே திட்டம் முடிந்தது; பணம் நின்றது; ஆயினும் தீங்கு விளையவில்லை. முடிப்பதற்கு முன்னரே வேலை கமக்காரர் கைக்கு மாறியிருந்ததே அதற்குக் காரணம். ஒரு வேலையை முடித்தல் வேறு. ஒரு நிலையத்தை மூடுதல் வேறு. முதலாவது, வளர்ந்த பிள்ளையின் கையை விடுதல். மற்றது, ஆற்றின் நடுவே விடுதல். உதவி வேண்டாத நாள் வருவதே எல்லா உதவியின் நோக்கமுமாகும். அந்நாளைக் குறித்து, அறிவித்து, ஏடுகளையும் கருவிகளையும் பழகிய ஆட்களையும் ஒப்படைத்து விலகும் நிலையத்தை எவருங் குறைகூறார்.

எனவே என் முடிபு இது. ஓர் அரசாங்கம் தன் உதவி நிலையத்தைத் திருத்தலாம், சுருக்கலாம், பயனற்ற திட்டங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து நிறுத்தலாம். கம்பனிகளின் நலனுக்கும் தூதரகத்தின் கோபதாபத்துக்கும் எட்டாத இடத்தில் அதனை வைத்தல் இன்னும் நன்று. ஆனால் கற்ற பாடங்களோடு சேர்த்து அதனை ஒரேயடியாக மூடுதல் தகாது. அவ்வாறு மூடும் நாடு, மீண்டும் ஒருநாள் கொடுக்க விரும்பும்போது, நுரைச்சோலையிலிருந்தும் ஒலுவிலிலிருந்தும் புதிதாகத் தொடங்கவேண்டியிருக்கும்.

இது கொடுப்போர்க்கு உரைத்தது. பெறுவோராகிய நமக்கும் ஒரு கடமையுண்டு. கன்ன ஆரம்பக் கூட்டத்திலே, விதைப்புக்கு முன்னரே, மதகு எந்நாள் திறப்பது, வாய்க்காலை யார் வெட்டுவது என்று தீர்த்துக்கொள்வது நம் கமக்காரரின் வழக்கம். அயலாரின் உதவி நம் வாயிலுக்கு வரும்போதும் அவ்வாறே நாம் கூடிக் கேட்கவேண்டிய கேள்விகள் உள. இது யாருக்கு உரியது? இதனாற் பக்கத்து ஊருக்கு என்ன வரும்? கொடுத்தவர் போன மறுநாட் காலையில் மதகைத் திறப்பவர் யார்? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே கையை நீட்டுவோமாயின், உலகில் எந்தக் கந்தோர் பூட்டப்பட்டாலும் நம் வயலுக்குப் பாயும் நீர் நில்லாது.